நரி வராமல் தடுக்க முடியாது, கோழி போகாமல் தடுக்கலாம்

எனக்கு ஒரே ராத்திரியில் ஒன்பது கோழி போனது. அன்றைக்கு இருட்டிக்கொண்டு வரும்போதே கோழிகள் தாமாகக் கூண்டுக்குள் ஏறிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டன, நான் போய்க் கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி, கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று அரைமணி நேரம் தள்ளிப்போட்டேன். டார்ச்சோடு போனபோது வாசல் பலகையில் இறகு ஒட்டியிருந்தது. உள்ளே ஆறு உடல், மூன்றைக் காணவே காணோம், மேல் கட்டையில் சுவரோரமாக ஒரே ஒரு பெட்டை மட்டும் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எரிச்சல் என்னவென்றால், வலையில் ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை. அந்த வலையை அடிக்க நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்திருந்தேன். நரி திறந்த கதவு வழியாக வந்து அதே வழியாகப் போயிருக்கிறது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வலை, வேலி, மின்கம்பி எல்லாம் வேண்டும்தான், கீழே ஒவ்வொன்றாக வருகிறேன், ஆனால் உங்கள் ஞாபகத்தை நம்பி நிற்கிற எந்த ஏற்பாடும் என்றைக்காவது காலை வாரிவிடும். நரி கிட்டத்தட்ட தினமும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. ஒரு மலிவு கேமராவை இரண்டு வாரம் கூண்டுப் பக்கம் கட்டி வைத்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும்.

வருகிறவர் எப்படிப்பட்டவர்

நரி என்ற ஒரே சொல்லில் செந்நரி மாதிரி சின்னதும் வரும், ஓநாய்ச் சாயலில் கொஞ்சம் பெரிய பொன்னிற நரியும் வரும். கூண்டு கட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், பெரியதை மனதில் வைத்து உறுதியாகக் கட்டுங்கள், சின்னதை மனதில் வைத்துச் சந்துகளை அடைத்துவிடுங்கள். செந்நரி பார்க்க நாய் அளவு தெரிந்தாலும் எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோவுக்குள்தான் இருக்கும், மீதியெல்லாம் ரோமம். அதனால் இவ்வளவு சின்னச் சந்தில் எப்படி நுழைந்தது என்று பிறகு ஆச்சரியப்படுவதில் பிரயோஜனம் இல்லை, 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே அது வாசல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முஷ்டி உள்ளே போகிறதா? அப்படியானால் அடைக்க வேண்டும். தோண்டும், ஏறும், தாண்டும், நீந்தவும் செய்யும். வாத்துகளைக் குளத்து நடுத்திட்டில் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படிக்கவும்.

பொதுவாக அந்தி, ராத்திரி, விடியற்காலை இவைதான் அதன் நேரம். ஆனால் குட்டி போட்ட காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. செந்நரிக்குச் சினைக்காலம் 52 நாள் சுமார், ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி சாதாரணம், அத்தனை வயிற்றையும் நிரப்ப வேண்டும் என்பதால் பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் இருக்கும்போதே வந்து தூக்கும். பகலில் வராது என்று நம்பி மேய விட்டவர்கள் கோழியைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

சரி, பசிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஏன் எல்லாவற்றையும் கடித்துப் போடுகிறது? வெறி, கொழுப்பு என்றெல்லாம் சொல்வார்கள். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியல் அறிஞர் 1972ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில், கும்மிருட்டான இரவுகளில் பறவைகள் எழுந்து பறக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்க, நரி தின்ன முடிகிறதைவிட எத்தனையோ மடங்கு கொன்று போட்டிருந்தது. சாதாரணமாக ஒன்றைப் பிடித்தவுடன் மற்றவை ஓடிவிடும், வேட்டை அங்கேயே முடிந்துபோகும். ஓடாமல் எதிரிலேயே நின்றால் பிடிக்கும் வேகம் அடங்குவதில்லை. இப்போது உங்கள் கூண்டை நினைத்துப் பாருங்கள். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, நாலு பக்கமும் சுவர், ஓட வழியில்லை. கொன்றதைக்கூட அது வீணாக்குவதில்லை, ஒவ்வொன்றாக எடுத்துப்போய் மண்ணைத் தோண்டிப் புதைத்துவைக்கும், நேரம் கிடைக்காவிட்டால் மிச்சத்துக்குத் திரும்ப வரும். இந்தத் திரும்ப வருகிற சமாச்சாரத்தை மறந்துவிடாதீர்கள், அது பின்னால் வருகிறது.

நரிதானா என்று முதலில் பாருங்கள்

ஆள் மாறினால் வைத்தியமும் மாறும். கோழி முழுசாகக் காணாமல் போய், கூண்டிலிருந்து புதர்ப்பக்கம் வரைக்கும் கொத்துக் கொத்தாக இறகு சிந்தியிருந்தால் பெரும்பாலும் நரி. தலை இல்லாத உடல்கள் கிடப்பதும் உண்டு. நாய் என்றால் தூக்கிக்கொண்டு போகாது, துரத்தித் துரத்திக் கடித்துக் குதறி அங்கேயே போட்டுவிட்டுப் போகும், தின்றிருக்கவும் செய்யாது. கீரி, மரநாய் மாதிரி ஒல்லியான ஆட்கள் கழுத்திலோ தலையிலோ சின்னப் பல் தடத்தோடு கொன்று போடும், நுழைந்த வழியும் உங்கள் கண்ணில் படாத அளவு சின்னதாக இருக்கும். பருந்து பிடித்த இடத்தில் இறகு ஒரே இடத்தில் வட்டமாகப் பிடுங்கிப் போட்டிருக்கும். குஞ்சு மட்டும் ஒன்றிரண்டாகக் குறைந்துகொண்டே வந்தால் எலி, பெருச்சாளி, பாம்பு என்று யோசியுங்கள்.

கால் தடம் பார்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஈர மண்ணில் நரித்தடம் நாய்த்தடத்தைவிட ஒடுக்கமாக நீள்வட்டத்தில் இருக்கும், நீளம் சுமார் 5 சென்டிமீட்டர், முன்னிரண்டு விரலும் மற்ற இரண்டை விட்டு நன்றாகத் தள்ளி முன்னால் நிற்கும். நாய்க்கு விரல் விரிந்து தடம் அகலமாகப் பதியும். எச்சம் ஒரு முனை கூராக முறுக்கிக்கொண்டு, உள்ளே ரோமமும் எலும்புத் துணுக்குமாகத் தெரியும். அதைவிட நிச்சயமான அடையாளம் மூக்குக்குத்தான் தெரியும். காரமான ஒரு கவுச்சி, ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

ராத்திரிக் கூண்டு

காசும் நேரமும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் இங்கேயே போடுங்கள். பகல் வேலி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தப்பு வலையில்தான் நடக்கும். அறுகோணக் கண் வைத்த மெல்லிசான கோழிவலை இருக்கிறதே, அது கோழியை உள்ளே வைக்கத்தான், நரியை வெளியே வைக்க அல்ல. பெயரில் கோழி இருக்கிறதே என்று நாம் வாங்கிவிடுகிறோம். கம்பியை முறுக்கிச் செய்தது, ஒரு இடத்தில் பல்லால் இழுத்து அறுத்தால் துணி மாதிரி பிரிந்துகொண்டே போகும், துருப்பிடித்ததென்றால் கையாலேயே கிழிக்கலாம். வேண்டியது ஒவ்வொரு குறுக்கிலும் பற்றவைத்த வெல்டு மெஷ். அரை அங்குலக் கண் என்றால் 19 கேஜ், ஒரு அங்குலக் கண் என்றால் 16 கேஜ், அதற்கு மெல்லிசாக வேண்டாம். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெல்லிசாகும் என்பதைக் கடையில் நிற்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒரு தடவை மாற்றி வாங்கிவந்து அசடு வழிந்தேன். என்னைக் கேட்டால் அரை அங்குலம்தான். எலியும் நுழையாது, கட்டையில் தூங்குகிற கோழியின் காலைக் கண் வழியாக எதுவும் பிடித்து இழுக்கவும் முடியாது.

வலை நல்லதாக இருந்து அடித்த விதம் மோசம் என்றால் காசு தண்டம். ஸ்டேப்ளர் முள் நரி முட்டி முட்டித் தள்ளினால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து, அதன்மேல் ஒரு ரீப்பர் கட்டையை அழுத்தி, அரை அடிக்கு ஒன்று ஸ்க்ரூ போடுங்கள். ரீப்பர் இல்லையென்றால் வலையின் கண்ணைவிடப் பெரிய வாசரோடு ஸ்க்ரூ. முடித்ததும் வெளியே நின்று உள்ளங்கையால் ஓங்கித் தள்ளிப் பாருங்கள், மூலைகளில் முக்கியமாக. விரல் நுழைகிற அளவு எங்கேயாவது விலகினால் அங்கே இன்னொரு ஸ்க்ரூ. காற்றுக்காக மேலே விட்ட திறப்புகளை எல்லாரும் மறந்துபோவார்கள், அவ்வளவு உயரத்தில் எது வரப்போகிறது என்று. பக்கத்தில் ஒரு டிரம்மோ விறகடுக்கோ இருந்தால் அதுதான் படி. ஆனால் அந்தத் திறப்புகளைப் பலகை வைத்து மூடிவிடாதீர்கள், கோழிக்குக் காற்று வேண்டும், வலை மட்டும் அடியுங்கள்.

தரை. மண் தரையில் உட்காரும் கூண்டு என்றால் அடியிலும் வலை விரித்து அதன்மேல் மண்ணும் உமியும் போட்டுவிடலாம், சிமெண்ட் தளம் என்றால் கவலையே இல்லை. கால் வைத்து ஒன்றரை அடி உயரத்தில் தூக்கிக் கட்டினால் அடியில் எலி குடியிருக்காது, பெருக்கவும் வசதி, ஆனால் அப்போது அடிப்பலகை உளுத்துப்போகாமல் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள்.

கதவுக்கு வருவோம், என் கதையே கதவில்தானே. மேலிருந்து கீழே இறங்கும் பலகைக் கதவு என்றால் அதன் அடிவிளிம்பு சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, அடியில் மூக்கைக் கொடுத்து நெம்பினால் தூக்கிக்கொள்ளும். அடிச்சட்டத்தில் ஒரு காடி வெட்டி, கதவு அதற்குள் ஒரு அங்குலமாவது இறங்கி உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் காடி இருக்க வேண்டும். கீல் போட்ட கதவு என்றால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள். நடுவில் ஒன்றே ஒன்று போட்டால் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கும்போது பலகை வளைந்து சந்து விடும். கொக்கியும் வளையமும் வேண்டவே வேண்டாம், ஆட்டி ஆட்டியே கழன்றுவிடும். தாழ்ப்பாள் ஓட்டையில் ஒரு சுருள்வில் கொக்கியை மாட்டிவிட்டால் தானாக நழுவாது. முட்டை எடுக்கிற பெட்டியின் மூடிக்கும் அதே மரியாதை கொடுங்கள், அதுவும் கதவுதான், நிறையப் பேர் சும்மா கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

தானாகத் திறந்து மூடும் கதவு வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், ஒன்பது கோழிக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை அதுதான். ஆனால் வாங்கியதும் தூங்கப் போய்விடாதீர்கள். வெளிச்சம் பார்த்து மூடுவது மேகம் கவிந்த சாயங்காலத்தில் முன்னாலேயே மூடிவிடும், பாதிக் கோழி வெளியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும், நரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். மூடும் நேரத்தைத் தாமதப்படுத்த வழி இருக்கிற மாதிரி பாருங்கள், அல்லது நேரம் வைக்கிறதை வாங்கிப் பருவத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருங்கள். வருஷம் பூராவும் ஒரே நேரத்திலா இருட்டுகிறது? செல்போன் அலாரம் வைப்பவர்களுக்கும் இதேதான். பேட்டரி இறங்குவது, காடியில் வைக்கோல் சிக்கிக் கதவு முக்கால்வாசியில் நிற்பது, இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது. ஆகவே மிஷின் மூடினாலும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். மிஷினால் கிடைக்கும் லாபம், நீங்கள் அரைமணி நேரம் பிந்திப் போனாலும் கூண்டு அதற்குள் மூடியிருக்கும் என்பதுதான்.

இன்னொன்று. கோழி தானாக அடையும், வாத்து அடையாது, அதை ஓட்டிக்கொண்டு போய்த்தான் விட வேண்டும். கினிக்கோழிக்கு மரம்தான் வீடு, அதைச் சின்னதிலிருந்தே தீனி காட்டிப் பழக்கினால்தான் உண்டு. புதிதாக வாங்கிவந்த கோழிகளை ஒரு வாரம் கூண்டுக்குள்ளேயே வைத்திருந்து பிறகு விடுங்கள், அப்போதுதான் சாயங்காலம் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும்.

பகல் வேலி

மேய்கிற இடத்தைச் சுற்றி வேலி போடுவதென்றால் உயரம் 6 அடிக்குக் குறையக் கூடாது. நரி தாண்டுவதைவிட ஏறுவதில்தான் கெட்டி, வலையில் கால் வைத்துப் பூனை மாதிரி ஏறிவிடும். அதற்காக உச்சியில் ஒரு அடி, ஒன்றரை அடி வலையை வெளிப்பக்கமாகச் சாய்த்து, விறைப்பாகக் கட்டாமல் தொளதொளவென்று விடுங்கள். ஏறி வந்தது அதைப் பிடித்தால் வலை அதன்மேலேயே வளையும், பிடிமானம் கிடைக்காமல் இறங்கிவிடும். சின்ன இடம் என்றால் மேலேயும் வலை போட்டு மூடிவிடுவது உத்தமம், பருந்துக்கும் சேர்த்துத் தீர்வு.

தோண்டுவதைத் தடுக்க ஒரு அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்கச் சொல்வார்கள். முதுகு ஒடிகிற வேலை, வேர், கல், குழாய் எல்லாம் குறுக்கே வரும். அதற்குப் பதில் நான் பாவாடை போடுகிறேன். வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக, தரையோடு தரையாக, ஒன்றரையிலிருந்து இரண்டு அடி அகலத்துக்கு வெல்டு மெஷ்ஷை விரித்து, வேலியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, ஓரத்தில் கல் வைத்தோ கம்பியை வளைத்துக் குத்தியோ தரையோடு அழுத்திவிட வேண்டும். நரி வேலி ஓரத்திலேதான் தோண்ட ஆரம்பிக்கும், நகம் கம்பியில் மாட்டும், கொஞ்சம் தள்ளி முயற்சி செய்யும், அங்கேயும் கம்பி. இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் போடலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஒரு பருவத்துக்குள் புல் முளைத்து வலையைப் பிடித்துக்கொள்ளும், பார்த்தால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் வேலியின் வடமூலையில் பாவாடைக்கு மேலே இரண்டு கை அளவு மண்ணைச் சுரண்டி, கம்பி பளபளவென்று தெரிகிற வரைக்கும் வந்து விட்டுப்போயிருந்தது. அந்தக் கம்பியில் செம்பட்டையாக நாலு ரோமம் சிக்கியிருந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு அடியில் பாவாடை போட முடியாதே என்று கேட்பீர்கள். அங்கே ஒரு சிமெண்ட் பட்டையோ, நான்கு பலகைக் கல்லோ பதித்துவிடுங்கள். பெரும்பாலான வேலிகளில் ஓட்டை அங்கேதான்.

மின்வேலி நல்ல ஆயுதம், ஒழுங்காக வைத்தால். கோழிக்கென்று வரும் மின்வலை மூன்றரை அடி, நாலடி உயரம்தான் இருக்கும், அவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் நரி எதையும் முதலில் மூக்கால் தொட்டுப் பார்க்கும், ஒரு தடவை மூக்கில் வாங்கியது அந்தப் பக்கம் வர யோசிக்கும். கம்பியாகக் கட்டுவதென்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அதற்கு மேலே போனால் அடியில் புகுந்துவிடும். மேலே நெருக்கமாக இன்னும் இரண்டு மூன்று. கம்பியில் 4000 வோல்ட்டாவது இருக்க வேண்டும், அளந்து பார்க்க வேலி டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேலி வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் புல். கீழ்க்கம்பியில் புல் தொட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். இரண்டாவது எர்த், அதாவது மின்வேலிக் கருவியை மண்ணோடு இணைக்கும் கம்பி. ஒரு மீட்டர் கம்பியை ஈரமுள்ள இடமாகப் பார்த்து அடியுங்கள், காய்ந்த மண்ணில் அடித்தால் வேலி சும்மா கட்டிவைத்த கயிறுதான், கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ராத்திரி மட்டும் போட்டுவிட்டுப் பகலில் நிறுத்துவதும் வேண்டாம், அணைந்திருக்கும் நாளில் நரி ஒரு தடவை தாண்டிப் பழகிவிட்டால் அப்புறம் அடித்தாலும் தாண்டும்.

இதைச் சத்தமாகச் சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் இணைக்கவே கூடாது. மின்வேலிக்கென்று செய்த கருவி ஒரு விநாடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கிறதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பு அனுப்பும், வலிக்கும், விட்டுவிடும். வீட்டு இணைப்பு விடாது. பந்தெடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை செத்துப்போகும். கோழி போனால் வேறு வாங்கலாம்.

வெளிச்சம், வாசனை, நாய்

வேலியில் முடி கட்டுவது, மூத்திரம் தெளிப்பது, ரேடியோ பாட வைப்பது, சோப்பு தொங்கவிடுவது, எல்லாம் ஒரு வாரம் வேலை செய்யும். புதிதாக எது இருந்தாலும் நரி தள்ளி நின்று பார்க்கும், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வரும். மினுக்கும் விளக்குகளை நம்பி ராத்திரிக் கதவில் அலட்சியமாக இருப்பவர்களுக்காக ஒரு செய்தி. சிலி நாட்டில் லாமா, அல்பாகா மந்தைகளுக்கு இந்த விளக்குகளை வைத்துச் சோதித்து 2019ல் முடிவு வெளியிட்டார்கள், பூமா என்ற பெரிய காட்டுப்பூனை விலகிப் போனது, அங்குள்ள ஆண்டிஸ் நரி விலகவில்லை. பூமாவே பயந்தது, நரி பயப்படவில்லை! நான் ஒரு விளக்கு வைத்திருக்கிறேன், எனக்குக் கூண்டுக்குப் போகிற வழி தெரிவதற்காக.

நாய் வேறு கதை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் கடற்கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்று சின்னத் தீவு இருக்கிறது, அங்கே கூடு கட்டும் குட்டிப் பென்குயின்களை நரி தின்று தீர்த்து, நூற்றுக்கணக்கில் இருந்தவை 2005ல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2006லிருந்து மரெம்மா என்ற காவல் நாய்களைத் தீவில் விட்டார்கள், பென்குயின்கள் மறுபடி பெருகின. யோசனை கொடுத்தது ஒரு கோழிப் பண்ணைக்காரர், தன் கோழிகளை அந்த நாயை வைத்துத்தான் காத்துவந்தார். ஆனால் அதே தீவில் 2017ல், கடல் கொந்தளிப்பில் நாய்களைக் கொண்டுபோக முடியாமல் இருந்த நாட்களில் நரி பூந்து பெரிய சேதம் செய்துவிட்டது. நாய் அங்கேயே இருந்தால்தான் காவல். குட்டியிலிருந்தே கோழியோடு வளராத நாயை உள்ளே விட்டால் நரி செய்வதை அதுவே செய்துவிடும், அதையும் யோசியுங்கள். வீட்டுக்குள் கட்டிப் போட்ட நாய் குரைப்பதற்கு நரி இரண்டு நாளில் பழகிவிடும்.

சேவல் இருந்தால் லாபம்தான், வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் எதிரி வந்தால் வேறொரு குரல் என்று பிரித்தே எச்சரிக்கும், பெட்டைகளும் அதற்குத் தகுந்த மாதிரி ஒளியும் அல்லது நிமிர்ந்து பார்க்கும். காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொண்டால் உங்களுக்கும் அது அலாரம். பெருவாத்தும் சத்தம் போடும். இரண்டும் கூவத்தான் செய்யும், சண்டைக்கு நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

சுற்றுப்புறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலியைச் சுற்றி மூன்று நான்கு மீட்டருக்குப் புதரை வெட்டிவிடுங்கள், ஒளிந்து வர இடம் கொடுக்காதீர்கள். சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்கு நரி வரும், அதனால் தீனியைச் சாயங்காலம் எடுத்து மூடி போட்ட டின்னில் வையுங்கள். முட்டையை அன்றன்றே எடுங்கள்.

தூக்கிப் போன பிறகு

திரும்ப வரும் என்று சொன்னேன் அல்லவா, அது அன்றைக்கு ராத்திரியே இருக்கலாம், விடியற்காலையிலேயே இருக்கலாம். அதனால் அழுவதற்கு முன்னால் மிச்சக் கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், குளியலறையானாலும் பரவாயில்லை, பெரிய அட்டைப்பெட்டியானாலும் பரவாயில்லை. செத்தவற்றை அங்கேயே விட்டுவைக்காதீர்கள், மேலாகப் புதைத்தாலும் தோண்டிவிடும், ஆழமாகப் புதைத்து மேலே கல்லைப் போடுங்கள். பிறகு எப்படி உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்தக் கூண்டில் மறுபடி கோழி விடாதீர்கள். சுற்றிச் சுற்றி வந்து, முட்டிபோட்டு, நரி உயரத்தில் பாருங்கள், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

பிழைத்தவற்றை இருட்டான, அமைதியான இடத்தில் தண்ணீரோடு விட்டுவிடுங்கள், தூக்கிக் கொஞ்ச வேண்டாம். அதிர்ச்சியிலேயே சாகிற கோழியும் உண்டு. கொஞ்சம் தெளிந்ததும் இறகை விலக்கிப் பாருங்கள், பல் பட்ட ஓட்டை இறகுக்குள் தெரியாது, முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தேடுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்து அதனால் கழுவுங்கள். ஈ மொய்க்கிற காலம் என்றால் மூடிய இடத்தில் வையுங்கள், ஒரு நாளைக்குள் புழு வைத்துவிடும். மற்ற கோழிகளோடு விடாதீர்கள், ரத்தச் சிவப்பைக் கண்டால் கொத்தியே கொன்றுவிடும். ஆழமான கடி என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள், மேலே ஆறின மாதிரி இருந்து உள்ளே சீழ் பிடிக்கும். முட்டை சில நாள் நின்றுபோகும், சிலது வாரக்கணக்கில் இடாது, அதுவே சரியாகும்.

கூண்டுக்குள் நரி மாட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் போய்ச் சேர்ந்தால் கதவை அகலத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், கையைக் கொடுத்துப் பிடிக்கப் போகாதீர்கள். கடித்தோ பிறாண்டியோ விட்டால் உடனே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

நரியையே தீர்த்துக்கட்டிவிட்டால் என்ன என்று அந்த ஆத்திரத்தில் தோன்றும், எனக்கும் தோன்றியது. விஷம் வைத்தால் முதலில் சாகிறது பக்கத்து வீட்டு நாயும் பூனையும்தான். பல இடங்களில் நரியைக் கொல்வதோ விஷம் வைப்பதோ குற்றம், உங்கள் பகுதிச் சட்டம் தெரியாமல் கை வைக்காதீர்கள். அதையெல்லாம் விட்டுத்தள்ளினாலும் கணக்கு உதைக்கிறது. ஒரு நரி போனால் அதன் எல்லை காலியாகும், காலியான எல்லைக்கு இன்னொன்று வந்து சேரும், புதிதாக வந்தது உங்கள் மின்கம்பியில் இன்னும் மூக்கை வைக்காத நரி. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் கேமராவில் இப்போதும் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறது. பாவாடை ஓரமாக மோந்துகொண்டே ஒரு சுற்று, கதவடியில் ஒரு நிமிஷம், பிறகு போய்விடுகிறது.

சாயங்கால வேலை

கதவைச் சாத்துவதற்கு முன்னால் எண்ணுங்கள். எல்லாம் வந்திருக்கும் என்று பார்வையில் முடிவு செய்யாமல், கட்டையின் ஒரு கோடியிலிருந்து விரலால் எண்ணுங்கள், கறுப்புக் கோழிகள் இருட்டில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து ஏமாற்றும். ஒன்று குறைந்தால் முதலில் யோசிக்க வேண்டியது அடைக்கோழி. இரண்டு மூன்று வாரமாக ஒரு பெட்டை முட்டை இடாத மாதிரி இருந்ததா, பகலில் எங்கேயோ போய்விட்டு வந்து அவசர அவசரமாகத் தின்றுவிட்டு மறைந்ததா, அப்படியானால் எங்கோ திருட்டு அடை வைத்திருக்கிறது, 21 நாளும் அங்கேதான் ராத்திரித் தூக்கம். முட்டைமேல் உட்கார்ந்த கோழி நரியைக் கண்டாலும் எழுந்திருக்காது.

போன மாதம் எனக்கு ஒன்று குறைந்தது. மிஷின் கதவு மூடியாகிவிட்டது, திரும்பத் திரும்ப எண்ணினாலும் பதின்மூன்றுதான். வேலி ஓரம், வண்டிக்கு அடி, பழைய கூடை என்று தேடிவிட்டு, கடைசியில் விறகடுக்குக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஒரு கண் மட்டும் மின்னியது. அன்றைக்கு உயிர்பிழைத்த அதே பெட்டை, பதினொரு முட்டைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கையை அடியில் கொடுத்ததும் மணிக்கட்டில் ஓங்கி ஒரு கொத்து. முட்டைகளைத் துண்டில் சுற்றி ஒரு கையிலும், அதை இன்னொரு கையிடுக்கிலும் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்க மூன்றாவது கை இல்லாமல் கொஞ்ச நேரம் கூண்டு வாசலில் நின்றேன்.